எல்லைக்கல் வரைக்கும்

"அம்மா, இந்தக் கொடத்த நீங்க வாங்கிக்கங்க. எங்க ரெண்டு பேருக்கும் கை மாட்டிக்கிச்சு" என்றான் ஆஞ்சப்பன்.

போர்வையின் முனைகளை மூங்கிலோடு சேர்த்து முடிந்து, பாறையில் காலை ஊன்றி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான். போன தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த போர்வை அது. ஓடைக்கரையில் விரித்து உட்கார்ந்து சாப்பிடத் தோதாக இருக்குமென்று தமிழ்செல்விதான் காலையில் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். இப்போது அதற்குள் அவளுடைய கணவர் சௌந்தரராஜன் கிடந்தார். சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் திறந்திருந்தன. அவள்தான் திறந்து நெஞ்சை நீவிவிட்டாள். அதெல்லாம் அரைமணி நேரத்துக்கு முந்தி.

ஆஞ்சப்பனும் அவன் மைத்துனன் கோவிந்தப்பனும் மலையடிவாரத்து நெல்லிக்கொட்டாய்க்காரர்கள். ஊரில் மாரியம்மனுக்கு தசராக் காப்பு கட்டியிருந்தது. ஒன்பதாம் நாள், ஆயுத பூசையன்று, மலைமேல் இருக்கும் இந்த மடுவிலிருந்துதான் அம்மனுக்குத் தண்ணீர் போக வேண்டும். அதற்காகக் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு ஏறி வந்தவர்கள், இவள் போட்ட கூச்சலைக் கேட்டு ஓடி வந்தார்கள். ஆஞ்சப்பன் சௌந்தரராஜனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்தான். நெஞ்சில் காதை வைத்தான். பிறகு நிமிர்ந்து, "மயக்கந்தாம்மா. தூக்கிட்டுப் போயிரலாம்" என்றான்.

கோவிந்தப்பன் அவனைப் பார்த்துத் தெலுங்கில் முணுமுணுத்தான். ஆள் போய்விட்டாரே, எதற்குப் பொய் சொல்கிறாய் என்றான். ஆஞ்சப்பனும் தெலுங்கிலேயே, குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னான். காப்பு கட்டிய ஊருக்குள் பிணம் போகாது. செத்துவிட்டார் என்று நம் வாயால் சொல்லிவிட்டால், நாளை மறுநாள் காப்பு அவிழ்க்கும்வரை இந்தப் பாறையிலேயே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பொழுது சாய்ந்தால் யானை நடமாடும் காடு. ஒற்றைப் பொம்பளை என்ன செய்யும்? எல்லைக்கல்லைத் தாண்டுகிறவரை இவர் மயக்கத்தில்தான் இருக்கிறார். நீ வாயை மூடிக்கொண்டு மூங்கிலைப் பிடி.

ஓசூர் மார்க்கெட்டில் இருபத்து நான்கு வருஷமாகக் காய்கறி பேரம் பேசுகிறவள் தமிழ்செல்வி. அவளுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்த மூச்சு தெரியாதா?

"நான் அந்தக் கொடத்தத் தொடலாமாண்ணே?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்பதை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஆஞ்சப்பன் அவள் நெற்றிக் குங்குமத்தை ஒரு நொடி பார்த்தான். "அம்மனுக்குத் தெரியாததா? எடுங்க. ஒண்ணே ஒண்ணு, எங்கியும் கீழ வெக்கக் கூடாது. அப்பறம்..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "சாமித் தண்ணி கொண்டுபோறப்ப யாரும் அழுவக் கூடாது. ஊர் வழக்கம்."

அவள் குடத்தை வாங்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். பித்தளைக் குடம், கழுத்தில் மஞ்சள் நூல், வாயில் வேப்பிலை. ததும்பிய தண்ணீர் சேலையை நனைத்தது. அப்படியொரு குளிர்ச்சி.

இந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் சௌந்தரராஜன் இருபத்து நான்கு வருஷமாக ஆசைப்பட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். இருபத்து மூன்று வயதில் ஓசூருக்கு வந்து ஒரு கியர் கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் நின்றவர், நின்றவர்தான். கேன்டீன் மாடியில் டீ குடிக்கும்போது தெற்கே தெரியும் மலைகளைப் பார்ப்பார். மழை முடிந்த மாதங்களில் அதில் வெள்ளைக் கோடாக ஏதோ வழிவது தெரியுமாம். அது தண்ணீரா வெறும் பாறையா என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பார். ஓவர்டைம் வந்தது, பையன் பிரதாப்புக்குப் பரீட்சை வந்தது, வீட்டு லோன் வந்தது. மலைக்கு மட்டும் நாள் வரவில்லை. போன தை மாதம் மெஷின் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடிப்படிகூட மெதுவாக ஏறச் சொன்னார் டாக்டர். அன்றோடு மலைப்பேச்சுக்குத் தமிழ்செல்வி கதவடைத்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் கம்பெனிப் பூசை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். "மெஷினுக்கே குளிப்பாட்டிப் பொட்டு வச்சு மாலை போட்டு ரெண்டு நாளு லீவு விட்டிருக்காக. எனக்கு ஒரு நாளு கிடையாதா?" என்றார். முகத்தை அப்படிப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

காலையில் பைக்குக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். காலில் பார்த்தால் கம்பெனி சேஃப்டி ஷூ! ஒவ்வொன்றும் ஒரு கிலோ தேறும். "இதைப் போட்டுக்கிட்டா மலை ஏறப் போறீக?" என்றாள். "பாறை வழுக்கும்லா? இது எண்ணெயிலயே வழுக்காது. முன்னாடி இரும்பு வேற. மலையே கால்ல விழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆகாது." நெல்லிக்கொட்டாய்ப் புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, ஓடையோரமாகவே பாறைக்குப் பாறை ஏறினார்கள். பத்தடிக்கு ஒருதரம் அவள் உட்கார வைத்தாள். சீத்தாப்பழம் பழுக்கிற காலம். புதரெல்லாம் அந்த வாசனை. வெயில் முகத்தில் அடித்தாலும் சுடவில்லை. ஒருமணி நேர வழிக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

மடுவுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டார். மீன்குஞ்சுகள் வந்து விரலைக் கொத்தின. பொரியை அள்ளிப் போட்டார். மேலே பாறையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. "ஏ செல்வி, தண்ணிதான் பாத்துக்கோ. பாறை இல்ல. இம்புட்டு நாளும் இது இங்ஙனதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு." அப்புறம், "கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்" என்று பாறையில் சாய்ந்தார். அவள் பொரியில் கிடந்த கடலையைப் பொறுக்கி அவருக்கென்று தனியாகச் சேர்த்தாள். ஒரு கை நிறையச் சேர்ந்ததும் திரும்பிக் கூப்பிட்டாள்.

மூங்கில் தோளில் ஏறியதும் ஆஞ்சப்பன் முன்னால் நடந்தான், கோவிந்தப்பன் பின்னால். ஷூ இரண்டையும் கயிற்றோடு கயிறு முடிந்து மூங்கிலில் தொங்கவிட்டிருந்தார்கள். அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

"சாரு எந்தக் கம்பெனிங்க?" என்று ஆஞ்சப்பன் போர்வையைப் பார்த்துக் கேட்டான். ஓடைச் சத்தம்தான் கேட்டது. "பாவம், அவுரால பேச முடியல. நீங்க சொல்லுங்கம்மா."

 அவன் எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பேசாமல் வந்தால் அழுகை வந்துவிடும். "கியர் கம்பெனிண்ணே. அரைக்கிற மெஷின்ல இருக்காக" என்றாள். இருந்தாக என்று சொல்லவில்லை.

"அட, அங்க நானும் ரெண்டு வருசம் லோடு ஏத்தினன். காண்ட்ராக்ட்டு. சாரைப் பாத்த ஞாபகம் இல்ல. சார் கோவக்காரருங்களா?"

"உப்பு கொறைஞ்சா மட்டும் கோவம் வரும். டாக்டர் உப்பக் கொறைக்கச் சொன்னதுல இருந்து தெனமும் கோவந்தான். எனக்குத் தெரியாம ஊறுகா பாட்டில டூல் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காக."

"கேட்டுக்குங்க சார், அம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சு!" என்று ஆஞ்சப்பன் போர்வையைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் வந்த கோவிந்தப்பனும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

தண்ணீரை மூன்று இடத்தில் கடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஆஞ்சப்பன் நின்று, காலால் பாறையைத் துழாவி, "மெதுவா, சாருக்கு ஆடப்போவுது" என்றான். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து எந்நேரம் வந்தாலும் கேட்டருகே ஒரே ஒரு ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எங்கே போனாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், வெளியில் தங்கமாட்டார். பிரதாப் பிறந்த அன்று மெஷினிலிருந்து அப்படியே ஓடி வந்து, கையெல்லாம் எண்ணெய் என்று பிள்ளையைத் தொடாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். அவளுக்கு டைபாய்டு வந்தபோது அவர் வைத்த ரசத்தைக் குடித்துத்தான் பிழைத்தோமா, அதையும் மீறிப் பிழைத்தோமா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம். இதையெல்லாம் இப்படி மொத்தமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. சொல்லச் சொல்ல, கொடுத்துவைத்தவள்தான் நான் என்று அவளுக்கே தோன்றியது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் கண்ணை முட்டியது. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசித் திருப்பத்தில் பாதை இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்கியது. மூங்கிலைச் சாய்த்தார்கள். போர்வையிலிருந்து அவர் வலது கை நழுவித் தொங்கியது. கட்டைவிரல் நகத்தில் மெஷின் கறுப்பு அப்படியே இருந்தது.

"கைய உள்ள வெச்சிக்குங்க சார், பாறை இடிக்கும்" என்றான் ஆஞ்சப்பன். அவன் குரல் இந்தமுறை அவ்வளவு சரியாக வரவில்லை. தமிழ்செல்வி ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள். ஓடைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழவில்லை.

ஊருக்குள் பம்பைச் சத்தம் கேட்டது. குடத்தை எதிர்பார்த்து முப்பது நாற்பது பேர் கோயில் முன்னால் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் காப்பு. மூங்கில் தூளியைப் பார்த்ததும் பம்பை நின்றுவிட்டது.

"என்னாடா இது, ஆஞ்சப்பா?" என்று பூசாரி முனிவேல் முன்னால் வந்தார்.

"மலை ஏறினவருங்க. மயக்கம் வந்துட்டுது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவணும்."

"மயக்கமா?" முனிவேல் கிட்டே வரவில்லை. "காப்பு கட்டின ஊருடா. வேற எதுவும்னா, ஒரு வருசத்துக்கு ஊருக்கே ஆவாது. நல்லாப் பாத்தியா?"

"பாத்தன்."

"அந்தம்மா கையில கொடத்தக் குடுத்திருக்கற?"

யாரோ பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தமிழ்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தால் போதும், தூளி திரும்பி மலைக்குத்தான் போக வேண்டும். அவர் வெளியில் தங்கமாட்டார். ஒருநாள்கூட.

"நான் பாக்கறன்" என்று ஒரு குரல் கேட்டது. முனிவேலின் மனைவி நாராயணம்மா. குடத்தை வாங்க வேண்டியவள் அவள்தான். மஞ்சள் சேலை கட்டி, ஈரத்தலையில் துணியைச் சுற்றியிருந்தாள். நேராகத் தூளிக்கு வந்து போர்வையை விலக்கி, சௌந்தரராஜனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தது வைத்தபடியே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தமிழ்செல்வியைப் பார்த்தாள். தமிழ்செல்வி அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும்.

"நாக்கு வறண்டுபோச்சு, அதான்" என்றாள் நாராயணம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கொடத்தக் கொண்டாக்கா."

"நாராயணம்மா, அது அம்மனுக்கு..." என்று முனிவேல் ஆரம்பித்தார்.

"தாகத்துல கெடக்கற மனுசனுக்கு ஒரு வாய் குடுக்காத தண்ணிய வாங்கிக் குளிப்பாளா அவ? நீ சும்மா இரு."

குடம் தமிழ்செல்வியின் இடுப்பிலேயே இருந்தது. நாராயணம்மா வேப்பிலையை ஒதுக்கி, கையைக் குவித்து அள்ளினாள். அவர் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் கடைவாய் வழியே ஓரமாக வழிந்தது. முந்தானையால் உடனே ஒற்றி எடுத்தாள். இன்னொரு தரம் விட்டாள். மூன்றாந்தரமும் விட்டாள்.

"முழுங்கறாரு" என்றாள். "வழி வுடுங்க. சீக்கிரம் கொண்டுபோங்க."

கூட்டம் இரண்டாக ஒதுங்கியது. நாராயணம்மா குடத்தைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றும்போது தமிழ்செல்வியின் விரல்களை ஒருமுறை அழுத்தினாள். அவ்வளவுதான். பம்பை மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

தெரு நீளம்தான். வாசல் வாசலாகக் கோலம், சாமந்தித் தோரணம், கழுவிப் பொட்டு வைத்த டிராக்டர், கலப்பை, தையல் மெஷின். ஆஞ்சப்பன் கடைசி வீடு வரைக்கும் பேச்சை விடவில்லை. "இதோ ஆச்சு சார். இன்னும் கொஞ்சூண்டு." தெருமுனையில், தார் ரோடு தொடங்கும் இடத்தில், மஞ்சள் பூசிய எல்லைக்கல் நின்றது. அதைத் தாண்டி இருபதடி நடந்து, புங்கமரத்தடியில் தூளியை இறக்கினார்கள்.

ஆஞ்சப்பன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். ஊர்ப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இனிமே அழுவலாம்மா" என்றான்.

அவள் அழுதாள். புங்கமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். ஆஞ்சப்பனும் கோவிந்தப்பனும் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ராயக்கோட்டையில் தக்காளி இறக்கிவிட்டு வந்த ஒரு டெம்போவைக் கோவிந்தப்பன் கை காட்டி நிறுத்தினான். தெரிந்த வண்டிதான். காலிப் பெட்டிகளை ஓரமாக அடுக்கி, அவரைப் படுக்க வைத்தார்கள். எல்லைக்கு வெளியே ரோட்டோரம் இருந்த புளியமரத்தடியிலிருந்து பைக்கையும் தள்ளிவந்து ஏற்றினார்கள். அதில் சந்தனம் இன்னும் உதிரவில்லை.

"அண்ணே, உங்களுக்கு இதனால சாமிக் குத்தம் எதுவும்..."

"அவகிட்ட நான் பேசிக்கறன். வருசா வருசம் அவளத் தோள்ல சொமக்கறவன்தான நானு" என்றான் ஆஞ்சப்பன். ஷூவை மூங்கிலிலிருந்து அவிழ்த்து, சௌந்தரராஜன் காலடியில் சேர்த்து வைத்தான். "சாரு நல்ல மனுசனா இருந்திருக்காரும்மா. கனமே தெரியல."

அது பொய். எழுபத்தெட்டு கிலோ. இரண்டு பேருடைய தோளும் மூங்கில் அழுத்திச் சிவந்து கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்தாள். அவள் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் அவன், "அய்யய்ய, வேணாம்மா" என்று திரும்பிக்கொண்டான். கல்லைத் தாண்டி ஊருக்குள் போகாமல், குளிக்க வேண்டுமென்று இரண்டு பேரும் ஓடைப் பக்கமாக இறங்கினார்கள்.

ஓசூர் வீட்டு வாசலில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டெம்போ வந்து நின்றது. டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டருகே வந்ததும் ஒரே ஒரு தரம் ஹாரன் அடித்தான்.

இரண்டு தெரு தள்ளி இருந்த சௌந்தரராஜனின் அக்கா பார்வதி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பெங்களூரிலிருந்து பிரதாப் வந்துகொண்டிருந்தான். கம்பெனி ஆட்கள் வாசலில் நாற்காலி போட்டார்கள். நடு ஹாலில், அவர் காலையில் பொட்டு வைத்த டூல் பெட்டிக்குப் பக்கத்தில், கிடத்தினார்கள். கொஞ்சம் அழுது ஓய்ந்ததும் பார்வதி தம்பி மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கயில மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டியேட்டி. ஏன்ட்டி கூட்டிட்டுப் போன?"

வழி நெடுக, டெம்போ குலுங்கும்போதெல்லாம், இந்தக் கேள்வியைத்தான் தமிழ்செல்வி தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வந்தாள். மீன்குஞ்சு கொத்தும்போது காலை இழுத்துக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. ஐம்பது வயதாகப்போகிற மனிதர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"நல்லவேளை கூட்டிட்டுப் போனேன் மதினி" என்றாள்.

பார்வதி அவளை உற்றுப் பார்த்தாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தமாதிரி இருந்தது. குரலை இறக்கி, "கடைசித் தண்ணியாவது உன் கையால ஊத்துனியா?" என்று கேட்டாள்.

"நாராயணம்மா ஊத்துச்சு."

"அது யாரு?"

 அந்தப் பெண்ணின் முகம்கூட இப்போது தமிழ்செல்விக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை. விரலை அழுத்தியது மட்டும் அப்படியே இருந்தது.

"நம்ம சொந்தந்தான் மதினி" என்றாள்.

 பார்வதி உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு பழைய சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். "எந்திரி. இடுப்புப் பக்கம் பூரா ஒரே ஈரமா இருக்கு. மாத்திக்கோ, சளி பிடிக்கும்."

தமிழ்செல்வி இடது இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கொசுவம் செருகிய இடத்தில் இன்னும் குளிர்ந்து கிடந்தது. ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் மதினி" என்றாள். "அதுவா காயட்டும்."

ஈரப்பக்கம் அவர் பக்கமாக இருக்கும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.